கிளிக்கு ஒரு வைவா

2023 கோடையில் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில், உளவியல் பட்டப்படிப்பில், இல்லாத மாணவர்கள் சிலர் தேர்வு எழுதினார்கள். பெயர் இருந்தது, விடைத்தாளும் நேரத்துக்குள் வந்து சேர்ந்தது. ஆள்தான் இல்லை. வீட்டில் உட்கார்ந்து, புத்தகத்தைப் பார்த்தே எழுதக்கூடிய இணையவழித் தேர்வு அது. கொரோனாவோடு வந்து, கொரோனா போன பிறகும் தங்கிவிட்ட வழக்கம்.

செய்தவர்கள் வெளியாட்கள் இல்லை. அந்தத் துறையின் பேராசிரியர் பீட்டர் ஸ்கார்ஃபும் அவருடைய சகாக்களும்தான். கேள்வியை ஜிபிடி-4 என்ற ஏஐ எந்திரத்திடம் கொடுத்து, வந்த பதிலில் கை வைக்காமல் அப்படியே சமர்ப்பித்தார்கள். ஐந்து பாடங்கள், 33 விடைத்தாள்கள். சில, 160 சொல்லுக்குள் அடங்க வேண்டிய குறுவினாக்கள். சில, 1500 சொல் கட்டுரைகள். திருத்தியவர்கள் யாருக்கும் விஷயம் தெரியாது.

2024 ஜூனில் பிளோஸ் ஒன் இதழில் முடிவு வந்தது. அந்தத் தாள்களில் 94 விழுக்காடு யாருக்கும் சந்தேகம் தரவில்லை. மதிப்பெண்ணும் குறையவில்லை. அங்கே 70க்கு மேல் முதல் வகுப்பு, 60க்கு மேல் அடுத்த வகுப்பு என்று பத்துப் பத்தாகப் படி வைத்திருக்கிறார்கள். எந்திரத்தின் தாள்கள் சராசரியாக நிஜ மாணவர்களைவிட அரைப் படி மேலே நின்றன. ஒரு பாடத்தில் எந்திரத்தின் தாள்களை ஒரு பக்கமும், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த அதே அளவு மாணவர் தாள்களை மறுபக்கமும் வைத்தால், எந்திரம் முந்துவதற்கான வாய்ப்பு 83.4 விழுக்காடு. இறுதியாண்டுப் பாடத்தில் மட்டும் மாணவர்கள் முந்தினார்கள்.

ஆய்வுக் கட்டுரையின் முடிவில் ஒரு குறும்பு இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதவே நாங்கள் ஜிபிடி-4ஐப் பயன்படுத்தியிருந்தால் அதை ஏமாற்று என்பீர்களா, நாங்கள் இல்லை என்று சாதித்தால் எப்படி நிரூபிப்பீர்கள் என்று வாசகரிடமே கேட்கிறார்கள். படித்தபோது சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது.

"மழை விட்டும் தூவானம்" என்று நான் சொல்லி நிறுத்தினால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? "விடவில்லை." தமிழ் கேட்டு வளர்ந்த யாருடைய வாயும் அங்கே தானாகப் போகும். "மழை விட்டும் தூவானம் கடன் கேட்டது" என்று நான் முடித்தால் திரும்பிப் பார்ப்பீர்கள். சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரிகள் செய்வதும் அடிப்படையில் இதுதான். இதுவரை வந்த சொற்களை வைத்து, அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு துண்டுக்கும் எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடுகின்றன. எப்போதும் முதலிடத்தில் இருப்பதையே எடுத்தால் எழுத்து சப்பென்று போய்விடும் என்பதால், நடுநடுவே கொஞ்சம் பகடையும் உருட்டுகின்றன. வந்த துண்டை ஒட்டிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து கணக்கு. கட்டுரை முழுக்க இப்படியே, ஒவ்வொரு துண்டாக.

அப்படியானால் பிடிப்பது எளிது என்று தோன்றும். எதிர்பார்த்த சொல்லே வந்துகொண்டிருந்தால் எந்திரம்; அங்கங்கே தூவானம் கடன் கேட்டால் மனிதன். உண்மையில் முதல் கண்டுபிடிப்பான்கள் இந்த யோசனையில்தான் பிறந்தன. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பர் 30. அடுத்த ஜனவரிக்குள் பிரின்ஸ்டன் மாணவர் எட்வர்ட் தியான் 'ஜிபிடி ஸீரோ' என்ற கருவியை இணையத்தில் விட்டார். எழுத்தை வாசிக்கும் மொழி மாதிரி ஒவ்வொரு சொல்லிலும் எவ்வளவு அசருகிறது என்பதை அது அளந்தது. வியப்பளவு என்று அதைச் சொல்லலாம். சராசரியாக ஒவ்வோர் இடத்திலும் சமவாய்ப்புள்ள பத்துச் சொற்களுக்கு நடுவே தடுமாறினால் வியப்பளவு 10. எண் குறைவாக, ஏற்ற இறக்கமில்லாமல் போனால் எந்திரத்தின் வேலை என்று சந்தேகம்.

இங்கே ஒரு சிக்கல். நான் சில ஆண்டுகள் பேப்பர் திருத்தப் போயிருக்கிறேன். காலையில் ஒரு கட்டு, சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கட்டு, சிவப்புப் பேனா, பக்கத்தில் ஆறிப்போன டீ. ஒரு நாள் பத்து மதிப்பெண் வினா ஒன்றுக்கு, தாளுக்குத் தாள் முதல் வாக்கியம் ஒன்றாகவே வந்தது. காப்பி என்று நினைத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். "எல்லாம் ஒரே கைடு சார், எனக்கும் அதே வாக்கியம்தான் வருது" என்று தன் கட்டைத் திருப்பிக் காட்டினார். ஸ்கீமில் உள்ள ஐந்து பாயிண்ட் இருக்கிறதா, தலைப்புக்கு அடிக்கோடு இருக்கிறதா என்று பார்த்து மதிப்பெண் போட்டோம். கொஞ்சம் சொந்தமாக எழுதியிருந்த ஒரு பிள்ளையின் தாளில் பாயிண்ட் எங்கே என்று தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நேரம் போகிறதே என்று எரிச்சல்கூட வந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

தேர்வு விடை என்பதே வியப்பளவு குறைவான எழுத்து. எதிர்பார்த்த சொல் எதிர்பார்த்த இடத்தில் வந்தால்தான் அங்கே மதிப்பெண். உலகத்தில் உள்ள எழுத்து வகைகளிலேயே மொழி மாதிரிக்கு மிகவும் தோதான ஒன்றைப் பல்கலைக்கழகங்கள் தாமாகவே வளர்த்து வைத்திருந்தன. ரெடிங்கில் திருத்தியவர்களின் கண்ணில் கோளாறு இல்லை. நல்ல விடை எப்படி இருக்க வேண்டும் என்று அவர்கள் மனத்தில் வைத்திருந்த சித்திரத்துக்குள் எந்திரம் கச்சிதமாகப் பொருந்திவிட்டது.

கண்ணால் முடியாததைக் கருவியால் முடியுமா? சாட்ஜிபிடியைச் செய்த ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரி கடைசியில் ஒரு கண்டுபிடிப்பானை வெளியிட்டது. அவர்கள் சொன்ன எண்களையே எடுத்துக்கொள்வோம்: எந்திரம் எழுதியதில் 26 விழுக்காட்டைச் சரியாகப் பிடிக்கும், மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை எந்திரம் எழுதியது என்று தப்பாகச் சொல்லும். ஒன்பதுதானே என்று விடக்கூடாது. ஆயிரம் தாள்கள் வருகின்றன, அதில் நூறு எந்திரத்துடையவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி பிடிப்பது 26. மீதி 900 நேர்மையான தாள்களில் 9 விழுக்காடு, அதாவது 81 பேர் மாட்டிக்கொள்வார்கள். ஆகக் குற்றவாளிக் கூண்டில் 107 பேர். அதில் 81 பேர் தப்பே செய்யாதவர்கள். அந்த ஆண்டு ஜூலையிலேயே, துல்லியம் போதவில்லை என்று சொல்லிக் கருவியை விலக்கிக்கொண்டார்கள்.

பிறகு வந்த கருவிகள் இதைவிட நன்றாகவே வேலை செய்கின்றன. காப்பியைப் பிடிக்கும் மென்பொருளுக்குப் பேர்போன டர்னிட்டின் நிறுவனம் தன் ஏஐ கண்டுபிடிப்பானின் தவறு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உட்கார்ந்து கணக்குப் போட்டது. 2022இல் அங்கே டர்னிட்டின் வழியாக வந்தவை 75,000 தாள்கள். ஒரு விழுக்காடு என்றால் 750. அத்தனை மாணவர்களைக் கூப்பிட்டு, ஆதாரம் எதுவும் காட்ட முடியாமல், நீ ஏமாற்றினாய் என்று சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்டில் அந்த வசதியை அணைத்துவிட்டார்கள்.

காப்பி அடித்ததைப் பிடிக்கும் கருவிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். காப்பி என்றால் மூலம் என்று ஒன்று எங்கோ இருக்கும்; இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டலாம். எந்திரத்தின் கட்டுரைக்கு மூலம் கிடையாது. அது அந்த நிமிடத்தில், அந்த ஒருவருக்காகப் பிறந்தது. கருவி சொல்வது "இப்படி இருக்கலாம்" என்ற ஊகம் மட்டுமே.

அந்த ஊகம் யார் தலையில் விழுகிறது? ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் ஸூவின் குழு 2023இல் ஏழு கண்டுபிடிப்பான்களைச் சோதித்தது. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் 88 கட்டுரைகள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகள். எல்லாமே மனிதர் எழுதியவை. அமெரிக்கப் பிள்ளைகளின் கட்டுரைகளைக் கருவிகள் கிட்டத்தட்டச் சரியாகவே சொல்லிவிட்டன. டோஃபல் கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை எந்திரம் எழுதியதாகச் சொல்லின. ஏழில் ஒரு கருவியாவது குற்றம் சாட்டியவை 91இல் 89. காரணம் பழைய வியப்பளவுதான். பிறகு கற்ற மொழியில் நமக்கு ஒரு பொருளுக்கு ஒரு சொல்தான் கைவசம் இருக்கும். தெரிந்த வாக்கிய அமைப்பிலேயே பத்திரமாக நடப்போம். அந்த எச்சரிக்கை கருவிக்கு எந்திரத்தனமாகப் படுகிறது. அதே 91 கட்டுரைகளைச் சாட்ஜிபிடியிடமே கொடுத்து, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் எழுதியதுபோல் சொற்களை மெருகேற்றச் சொன்னார்கள். தவறான குற்றச்சாட்டு சுமார் 12 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டது. தானே எழுதியவன் மாட்டினான், எந்திரத்தைத் தொட்டவன் தப்பித்தான்.

அக்கா மகன் இங்கிலாந்தில் நீர்வளப் பொறியியல் முதுகலை படித்தான். சென்ற ஆண்டு ஒரு நாள் ராத்திரி பத்தரைக்குப் போன்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"இல்லடா மாப்ளே, சொல்லு."

"டேர்ம் பேப்பர்ல ஏஐன்னு ஃப்ளாக் ஆயிருச்சு மாமா. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. நானே எழுதுனது மாமா. அம்மாகிட்ட சொல்லிராதீங்க."

எனக்குத் தெரிந்த அறிவியலை எல்லாம் அவனிடம் சொல்லி என்ன பயன்? எந்த ஃபைலில் எழுதினாய் என்று கேட்டேன். கூகுள் டாக்ஸ். அதில் பழைய வடிவங்களைத் திறந்து பார்க்கச் சொன்னேன். திரையைப் பகிர்ந்தான். பதினோரு நாள் வேலை அப்படியே கிடந்தது. ஒரு பத்தி நள்ளிரவு தாண்டி இரண்டே முக்காலுக்கு எழுதப்பட்டு, காலையில் முழுசாக அழிக்கப்பட்டிருந்தது. ஒரு வாக்கியம் ஆறு முறை மாறியிருந்தது. நடுவே தமிழில் ஒரு வரி: "இங்க அந்த க்ராஃப் போடணும், மறக்காத." பிறகு அதுவும் அழிந்திருந்தது. கட்டுரையில் காணாத பையன் அந்த அழிப்புகளில் இருந்தான்.

எந்திரத்தின் எழுத்துக்குள்ளேயே ரகசிய முத்திரை பதித்துவிட்டால் என்ன என்று ஒரு கூட்டம் யோசித்தது. அழகான யோசனை, அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 2023இல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தார் சொன்ன வழி இது. ஒவ்வொரு சொல்லையும் தேர்ந்தெடுக்கும் முன் எந்திரம் தன் அகராதியை ரகசியச் சாவி ஒன்றை வைத்து இரண்டாகப் பிரிக்கிறது: பாதி பச்சை, பாதி சிவப்பு. முந்தைய சொல்லைப் பொறுத்துப் பிரிவு ஒவ்வொரு முறையும் மாறும். பிறகு பச்சைப் பக்கமே கொஞ்சம் சாய்கிறது. 'மகிழ்ச்சி', 'சந்தோஷம்' இரண்டும் பொருந்தும் இடத்தில் இப்போது எது பச்சையோ அதை எடுக்கிறது. படிப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சாவி வைத்திருப்பவர் எண்ணிப் பார்க்கலாம். சாதாரணமாக எழுதிய 200 சொல்லில் சுமார் 100 பச்சையாக இருக்கும், காசு சுண்டுவதுபோல. 150 பச்சை வந்தால்? தற்செயலாக அப்படி நேர்வதற்கான வாய்ப்பு லட்சம் கோடியில் ஒன்றைவிடக் குறைவு. இங்கே முதன்முறையாக, ஊகம் என்று சொல்ல முடியாத ஒன்று கையில் கிடைக்கிறது.

கூகுள் டீப்மைண்ட் இதன் நெருங்கிய உறவான ஒரு முறையை 2024 அக்டோபரில் நேச்சர் இதழில் வெளியிட்டது. தன் ஜெமினியின் கிட்டத்தட்ட 2 கோடிப் பதில்களில் போட்டுப் பார்த்து, பதிலின் தரம் குறையவில்லை என்றும் காட்டியது. ஆனாலும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர்கள் நிம்மதியாகத் தூங்க முடியாது. முத்திரையிட்ட எழுத்தை இன்னொரு எந்திரத்திடம் கொடுத்து வேறு வார்த்தையில் எழுதச் சொன்னால் பச்சை சிவப்பெல்லாம் கலங்கிவிடும். முத்திரையே போடாத இலவச மாதிரிகளும் இணையத்தில் கிடைக்கின்றன. சுமாரான மடிக்கணினியிலேயே சில ஓடும். குறுவினாவுக்கு எழுதிய நாலு வரியில் எண்ணிப் பார்க்கப் போதுமான சொற்களும் இருக்காது.

இதில் ஒரு தலைகீழ் மாற்றம் இருக்கிறது. தேர்வின் வரலாறு நெடுக, எழுதியவர் யார் என்பதை மறைக்கத்தான் பாடுபட்டிருக்கிறார்கள். சீனாவில் சோங் அரச காலத்தில், அரசுப் பணித் தேர்வின் விடைத்தாளில் பெயரை ஒட்டி மறைத்ததோடு நிற்கவில்லை. கையெழுத்தை வைத்து ஆளை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று எழுத்தர்களை உட்கார வைத்து ஒவ்வொரு தாளையும் நகலெடுத்து, நகலைத்தான் திருத்தக் கொடுத்தார்கள். நம் ஊர் டம்மி நம்பரும் அந்த வழியில் வந்ததுதான். ஆளைப் பார்க்காதே, விடையைப் பார் என்பது அதன் நியாயம். பெரிய நியாயம்தான், ஏழை வீட்டுப் பிள்ளைகள் மேலே வந்த வழி அது. விடைக்குப் பின்னால் ஓர் ஆள் கட்டாயம் இருப்பார் என்பதை மட்டும் யாரும் சோதிக்கத் தேவையில்லாமல் இருந்தது.

இப்போது ஆளைத் தேடுகிறார்கள். அதே சீனாவில், 2025 ஜூனில் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான காவ்காவோ நடந்த நாள்களில், 1.3 கோடிப் பேர் எழுதிய நேரத்தில், கேள்வியைப் படம் பிடித்துப் போட்டால் பதில் சொல்லும் வசதியை அந்த நாட்டின் ஏஐ நிறுவனங்கள் நிறுத்தி வைத்தன. சிட்னி பல்கலைக்கழகம் தேர்வுகளையே இரண்டு தடமாகப் பிரித்துவிட்டது. ஒன்றில் கண்காணிப்போடு நேரில் எழுதுவது, நேரில் பேசுவது. மற்றதில் எந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், பிடிக்கும் வேலையே கிடையாது. எனக்கு இது நேர்மையானதாகப் படுகிறது. பூட்ட முடியாத கதவில் "உள்ளே வராதே" என்று எழுதி வைத்து என்ன பயன்?

ரெடிங் ஆய்வுக்காரர்கள் தங்கள் சோதனையை ஒரு வகை டூரிங் சோதனை என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். 1950இல் ஆலன் டூரிங் மைண்ட் இதழில் எழுதிய கட்டுரையில் வந்தது அது: எழுத்தில் மட்டும் கேள்வி கேட்டு, மறுபக்கம் இருப்பது எந்திரமா மனிதரா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதில் ஒரு மாதிரிக் கேள்வி, 34957உம் 70764உம் கூட்டினால் எவ்வளவு? பதில் சொல்பவர் அரை நிமிடம் யோசித்து 105621 என்கிறார். கூட்டிப் பாருங்கள், 105721 வர வேண்டும். டூரிங் அங்கே ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறார். பல பக்கம் தள்ளி, கேட்பவரை ஏமாற்ற எந்திரம் வேண்டுமென்றே தப்புப் போடும் என்கிறார். மனிதனாகத் தெரிய மார்க்கைக் குறைத்துக்கொள்ளும் மாணவன்!

அதே கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஓர் இடம் உண்டு. இந்த விளையாட்டு ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது, அதற்கு வைவா வோசி என்று பெயர் என்கிறார் டூரிங். ஒருவருக்கு உண்மையில் புரிந்திருக்கிறதா, கிளிப்பிள்ளைபோல் ஒப்பிக்கிறாரா என்று பார்க்க நடக்கும் அதே வாய்மொழித் தேர்வு. உதாரணமும் கொடுக்கிறார். காதலியைக் கோடைநாளுக்கு ஒப்பிட்டு எழுதிய மாணவனிடம், வசந்தநாள் என்று போட்டால் என்ன என்று கேட்கிறார் ஆசிரியர். சந்தம் இடிக்கும் என்கிறான். சரி, குளிர்காலநாள் என்றால் சந்தம் சரியாகத்தானே வரும்? யாருக்கு அப்படி ஒப்பிட்டால் பிடிக்கும் என்கிறான். (கத்திரி வெயிலில் இதைப் படிக்கிறவருக்குக் கோடைநாளே வசைதான், அது வேறு விஷயம்.) எழுபது ஆண்டு கழித்து 2021இல், எமிலி பெண்டரும் டிம்னிட் கெப்ருவும் சகாக்களும் மொழி மாதிரிகளை விமரிசித்து எழுதியபோது அவற்றுக்கு வைத்த பெயரும் கிளிதான். வாய்ப்புக் கணக்குப் போட்டுப் பேசும் கிளி.

டூரிங்கின் கேள்விகளை இன்றைய கிளியிடம் கேட்டால் தயங்காமல் பதில் சொல்லும். ஆகவே வைவா என்றால் ஒரே அறையில், நேருக்கு நேர் என்றாகிறது. செலவும் சாதாரணமல்ல. முந்நூறு பேர் உள்ள வகுப்பில் ஆளுக்குக் கால் மணி என்றால் 75 மணி நேரம். யார் உட்காருவது?

வெள்ளிக்கிழமை அக்கா மகனுக்கு ஒருவர் உட்கார்ந்தார். பாடம் எடுத்த அம்மையார். பழைய வடிவங்களை அவன் திறந்து காட்டியதும் சற்று நேரம் பார்த்தாராம். பிறகு கணினியை மூடச் சொல்லிவிட்டு, அச்செடுத்த கட்டுரையைத் திருப்பி ஒரு சொல்லை வட்டமிட்டுக் காட்டியிருக்கிறார். 'ரோபஸ்ட்'. அந்தச் சொல் கட்டுரையில் ஒன்பது இடத்தில் இருக்கிறது, ஏன் எல்லா இடத்திலும் இதுவே, வேறு சொல் போடலாமே என்று கேட்டிருக்கிறார்.

அங்கே எல்லோரும் ஆசிரியரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். இவனுக்கு அது கடைசி வரை வரவில்லை.

"எனக்கு வேற வார்த்தை தெரியாது மேடம்னு சொன்னேன் மாமா," என்றான். "சிரிச்சுட்டாங்க. அப்புறம் அணை உடைஞ்சா தண்ணி எந்தப் பக்கம் முதல்ல போகும்னு படம் போடச் சொன்னாங்க. முக்கால் மணி நேரம் போட்டேன்."